மூன்றாவது டிராயர்

முதியோர் இல்லத்துச் சலவை அறையில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்த நோலீன், ஷூவைக்கூடக் கழற்றாமல் கராஜுக்குள் போனாள். அவள் கணவன் லெஸ், புழு வளர்க்கும் மூன்றாவது டிராயரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மூஞ்சி சரியில்லை.

பக்கவாதம் வந்ததிலிருந்து அவனுடைய வலது கை கட்டை மாதிரிக் கிடந்தது. முதல் ஆறு மாதத்தில் எவ்வளவு அசைவு திரும்புகிறதோ அவ்வளவுதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பயிற்சிக்குக் கொடுத்த ஸ்பாஞ்சுப் பந்தை அவன் சீண்டுவதே இல்லை, "நான் என்ன கைக்குழந்தையா?" என்பான். ஆனால் கோழிகளுக்கான மாவுப்புழுக்களை மட்டும் அந்தக் கையால்தான் பொறுக்குவான். ஒன்றை எடுக்க ஐந்து நிமிடம் ஆகும். பாதி நழுவிவிடும். கட்டைவிரலும் சுட்டுவிரலும் ஒன்றையொன்று தேடிப் போவதைச் சமையலறை ஜன்னல் வழியாக அவள் பார்த்துக்கொண்டே நிற்பாள். பல்லரட் என்ற அந்த ஆஸ்திரேலிய ஊரின் குளிரில் அவளுக்கிருந்த ஒரே தெம்பு அதுதான்.

"நோலீன், இந்தத் தவிட்டுல கைய வெச்சியா?"

"நீ ஆஸ்பத்திரியில இருந்தப்ப சுத்தம் பண்ணேன். நாத்தம் தாங்கல. சலிச்சு, கீழ விழுந்த தூசிய உரக்குழியில கொட்டினேன்."

"அது தூசி இல்ல தாயே. முட்டையெல்லாம் அதுலதான் இருந்துச்சு."

அவள் டிராயருக்குள் எட்டிப் பார்த்தாள். "வெள்ளையா அசையாமக் கெடந்துச்சே, அதுங்க?"

"அதுங்கள என்ன பண்ண?"

"செத்துப்போச்சுன்னு கோழிக்குப் போட்டுட்டேன்."

"செத்ததா! அது கூட்டுப்புழு. ரெண்டு வாரத்துல வண்டா எந்திரிச்சிருக்கும்." கோணிய வாயால் சிரித்தான். "கோழிங்களுக்கு அன்னிக்குக் கிறிஸ்மஸ்தான் போ."

அவளால் சிரிக்க முடியவில்லை. "இப்ப எத்தன இருக்கு?"

"மேல் டிராயர் ரெண்டும் காலி. இதுல வண்டு மூணு. இதுங்க முட்டை போட்டு, பொரிச்சு, கைக்கு அகப்படுற அளவு வளர மூணு மாசம் ஆவும்."

"கடையில வாங்கியாறேன்."

"காசு குடுத்து வாங்கின புழுவ எவன் பொறுக்குவான்? அதுக்கு அந்தப் பந்தே தேவலாம்."

அவன் பிடிவாதம் அவளுக்குத் தெரியாததல்ல. பந்தையும் தொட மாட்டான். ஆறு மாதத்தில் நான்கு ஏற்கனவே போய்விட்டது. வீட்டில் தானாக நடந்துகொண்டிருந்த ஒரே நல்ல காரியத்தையும் தானே சலித்துக் கொட்டிவிட்டோமே என்று அவளுக்கு அழுகை முட்டியது. அழவும் அலுப்பாக இருந்தது. அவன் நாற்காலிக் காலில் முதுகைச் சாய்த்துச் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"எனக்கு முடியல, லெஸ்."

அவள் தோளில் கனமாக ஏதோ வந்து இறங்கியது. அவனுடைய வலது கை. அவனாக வைத்தானா, மடியிலிருந்து சரிந்து விழுந்ததா என்று தெரியவில்லை. திரும்பிப் பார்த்தால் தெரிந்துவிடும். அவள் எதிர்ச்சுவரையே பார்த்தபடி, தோளை அசைக்காமல் உட்கார்ந்திருந்தாள்.