அறைக்கு ஒரு ஹோட்டல்

பெரியவள் ஒரு ஹோட்டலுக்காக மாதக்கணக்கில் உயிரைக் கொடுத்து எழுதிய புரோகிராமைத் தங்கை புருஷன் தன் பெயரில் முதலாளியிடம் நீட்டி டீம் லீடர் ஆகிவிட்டான். ஒரே ஆபீஸ். கேட்டதற்கு, "குடும்பத்துக்குள்ள என்ன அண்ணி உன்னுது என்னுதுன்னு" என்று பல்லைக் காட்டினான். அவள் ஒன்றும் பேசவில்லை. பேசாதவளைக் கண்டால் பயப்பட வேண்டும் என்று அந்தத் தடியனுக்குத் தெரியவில்லை.

புரோகிராமில் ஹோட்டல் என்று ஒரு கிளாஸ், அதாவது வேண்டியபோது வார்த்தெடுக்க ஓர் அச்சு. அதன் வயிற்றுக்குள் அறை என்று இன்னொரு கிளாஸ். அறை தானாகப் பிறக்காது. முதலில் ஹோட்டலை உண்டாக்கி, அதிலிருந்துதான் அறையை உண்டாக்க வேண்டும். ஆள் தங்கினால் அறை தன் ஹோட்டலிடம்தான் போய்ச் சொல்லும்; வரவேற்பு மேசை முதலில் உண்டான ஹோட்டலை மட்டும்தான் பார்க்கும்.

மாப்பிள்ளை தன் பங்குக்கு மேல்மாடி அறைகளைச் சேர்த்தான். ஹோட்டல் எங்கே என்று மெஷின் கேட்டது. இவன் அறைக்கு ஒரு புது ஹோட்டலாக உண்டாக்கி ஒட்டிவிட்டான். மெஷின் அடங்கிவிட்டது.

"ஒரு பார்வை பாத்துடுங்க அண்ணி. நாளைக்கு ஹோட்டல்காரம்மா வராங்க."

பார்த்ததும் அவள் வயிறு குளிர்ந்தது.

"எரர் எதுவும் காட்டலையே மாப்பிள்ளை. அப்புறம் என்ன?"

சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

மறுநாள் ஹோட்டல்காரம்மாவும் முதலாளியும் பார்க்க மாப்பிள்ளை மேல்மாடி முழுக்க ஆட்களைத் தங்கவைத்துக் காட்டினான். பிறகு வரவேற்பு மேசைத் திரையைத் திறந்தான். மேல்மாடியில் ஈ, காக்காய் இல்லை. வந்தவர்கள் எல்லாம் எந்தெந்த ஹோட்டலிலோ கிடந்தார்கள்.

"ஏம்ப்பா, இப்பத்தானே இத்தனை பேரை ஏத்தினே? எல்லாரும் ஜன்னல் வழியா குதிச்சுட்டாங்களா?" என்றார் அந்தம்மா.

மாப்பிள்ளை பெரியவள் பக்கம் கையைக் காட்டினான். "இது நான் எழுதினது இல்லைங்க. எல்லாம் அண்ணி எழுதினது. தப்பு அங்கதான் இருக்கும்."

முதலாளி மெதுவாகத் திரும்பினார். "மொத்தமும் நீதான் எழுதினேன்னு எங்கிட்ட சொன்னே?"

இவ்வளவு கிடைக்கும் என்று பெரியவளே நினைக்கவில்லை. எழுந்து போய்க் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தாள். "அறை என்னுது சார். அறைக்கு ஒரு ஹோட்டல் கட்டினது மாப்பிள்ளை." புது ஹோட்டல்களை எல்லாம் அழித்து, இருக்கிற ஒரே ஹோட்டலிலிருந்து அறைகளை உண்டாக்கி, ஆட்களை மறுபடி ஏற்றினாள். திரையில் மேல்மாடி நிரம்பியது.

அன்று சாயங்காலமே அவனை அந்த நாற்காலியிலிருந்து இறக்கிவிட்டார்கள். தங்கை வாசலில் வந்து நின்றாள்.

"முன்னாடியே தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அக்கா."

"சொல்லியிருந்தா அதையும் உன் புருஷன் அவன் பேர்லதான் போட்டிருப்பான்."

தங்கை செருப்பைக்கூடக் கழற்றாமல் திரும்பிப் போனாள். பெரியவள் கூப்பிடவில்லை.