கவிழாத கரண்டி

இல்லை, இது என் நாக்கின் கோளாறாகத்தான் இருக்கவேண்டும். காலையில் பல் துலக்கிய பசை இன்னும் போகவில்லையோ என்னவோ. ராத்திரி சரியாகத் தூங்கவும் இல்லை. தூக்கம் கெட்டால் நாக்கும் கெடும்.

ஏதாவது ஒரு சாக்கு அகப்படாதா என்று தன் வாய்க்குள்ளேயே தேடிப் பார்த்தாள் அவள். அங்கே பச்சைப் பட்டாணித் தோலின் ருசி இருந்தது, நனைந்த வைக்கோலின் ருசி இருந்தது. காப்பி மட்டும் இல்லை.

அந்த வறுவல் பட்டறையிலிருந்து எந்தக் காப்பி வெளியே போவதானாலும் முதலில் அவள் நாக்கில் பட்டுத்தான் போகும். அடுத்த வறுவலின் கோப்பையில் கரண்டியை விட்டு, சர்ரென்று உறிஞ்சினாள். அதே பட்டாணி. அதற்கடுத்ததும் அப்படியே.

மேசைக்கு எதிரே அவளுடைய தம்பி, தலையில் கம்பளித் தொப்பியோடு, நாற்காலி முனையில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் முதலாளி, படம் பிடிக்கப் போனைத் தயாராக நீட்டிக்கொண்டு.

"என்னம்மா, ஆரஞ்சு வாசம் வருதா? தேன் ருசி வருதா? பையில அச்சடிச்சாச்சு, இனிமே வந்துதான் ஆகணும்" என்றார் முதலாளி.

"அவளை அவசரப்படுத்தாதீங்க அண்ணே. எங்கக்கா வாயில போட்டா நெருப்புகூட ஆறித்தான் வெளிய வரும்" என்றான் தம்பி.

தம்பி மருந்து ஏற்றிக்கொள்ளப் போகும் புற்றுநோய்க் கூடத்தில் உட்கார மரப் பெஞ்சுதான் உண்டு. சொட்டுச் சொட்டாக மருந்து இறங்கி முடிவதற்குள் இடுப்பு விட்டுப்போகும். அங்கே சாய்வு நாற்காலிகள் வாங்கிப் போடலாம், அதற்கென்றே ஓர் இளம் வறுவல் காப்பி விற்கலாம் என்பது முதலாளியின் யோசனை. தோட்டக்காரர் ஒருவர் கொட்டையைத் தானமாகவே அனுப்பிவிட்டார். அத்தனை மூட்டையையும் நானேதான் வறுப்பேன் என்று தம்பி ஒற்றைக்காலில் நின்றான்.

பட்டறையில் அவனுக்குப் பாம்புச்செவி என்று பெயர். சூடேறிய கொட்டை வெடிக்க ஆரம்பிக்கும்போது சன்னமாக ஒரு சத்தம் வரும். இளம் வறுவலென்றால் அந்தச் சத்தம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் இறக்கிவிட வேண்டும். மற்றவர்கள் சூட்டுமானியைப் பார்த்து இறக்குவார்கள். அவன் கண்ணை மூடிக் காதைச் சாய்த்துக்கொள்வான். "கொட்டை பேசறப்ப முள்ளைப் பாக்கறது மரியாதை இல்லை" என்பான். நோய் வந்த பிறகும் காதைப் பற்றித்தான் பெருமை பேசிக்கொண்டிருந்தான். "முடி போச்சு, ருசி போச்சு, எதைத் தின்னாலும் ஆணி சப்பற மாதிரி இருக்கு. காதை மட்டும் தொடாம விட்டிருக்கு, பாவம், நல்ல வியாதி."

கடைசிக் கோப்பையில் அவளுக்கு ஞாபகம் வந்தது. கொஞ்ச நாள் முன்னால் சாப்பிடும்போது அவன் சொன்னான், "அக்கா, காதுக்குள்ள யாரோ சோளம் பொரிக்கறாங்க."

"எனக்கும் ஒரு பிடி அள்ளிட்டு வா" என்று அவள் சிரித்தாள். அதோடு மறந்தும் போனாள்.

கொட்டை வெடிக்கவேயில்லை. மருந்து அவன் காதையும் தொட்டிருக்கிறது. பொரிந்தது அவன் காதுக்குள்தான். அந்தச் சத்தத்தைக் கொட்டையின் சத்தமென்று நம்பி, வேகும் முன்பே இறக்கியிருக்கிறான். ஒவ்வொரு முறையும். ஒரு மூட்டைகூட மிச்சம் வைக்காமல்.

கரண்டியை அலசுகிற சாக்கில் எழுந்து குழாயடிக்குப் போனாள். முதலாளியும் பின்னாலேயே வந்தார். தண்ணீரைத் திறந்துவிட்டுச் சொன்னாள்.

"வேகலை அண்ணே. எல்லாமே பச்சை."

முதலாளி போனைச் சட்டைப்பைக்குள் போட்டார்.

"தானத்துக்கு வந்த மாட்டைப் பல்லைப் பிடிச்சா பாக்கறாங்க? வாங்கறவங்க நல்ல மனசோட வாங்கறாங்க. ஒரு தடவை கரண்டியை நிமித்தி வச்சிடும்மா. அவன் மூஞ்சியைப் பாரு."

அவர் கெட்டவர் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

வறுத்தவன் முன்னால் ருசி பார்ப்பவர் நல்லது கெட்டது சொல்லக் கூடாது என்பது பட்டறை வழக்கம். பிடித்திருந்தால் கரண்டியைத் துணிமேல் நிமிர்த்தி வைக்கவேண்டும். கவிழ்த்து வைத்தால் அந்த வறுவல் குப்பைக்கு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் தம்பியின் வறுவலுக்கு அவள் கவிழ்த்தாள். வீட்டில் அவன் முகம் கொடுத்தே பேசவில்லை. கோபம் தணிந்ததும் வந்து, "எனக்காகப் பாத்து மட்டும் ஒருநாளும் நிமித்தி வச்சிராதே. அப்புறம் நான் எதை நம்பறது?" என்றான்.

நிமிர்த்தினால் அவனுக்கு அக்கா இல்லை. கவிழ்த்தால் காது இல்லை. இரண்டில் எதை எடுத்துக்கொள்ள நான் யார் என்று நினைத்தாள். யாராவது வந்து இந்தக் கையைப் பிடித்து நகர்த்திவிட்டால்கூடப் போதும் என்றிருந்தது.

"அங்க என்ன ரகசியம்?" என்று தம்பி உரக்கக் கேட்டான். இப்போதெல்லாம் அவன் உரக்கத்தான் பேசுகிறான். அதையும் அவள் கவனிக்காமல் இருந்திருக்கிறாள்.

திரும்பி வந்து உட்கார்ந்தாள். முன்னால் வெள்ளைத் துணி மடித்துக் கிடந்தது. கோப்பைகளில் காப்பி ஆறி, வெளிறித் தெரிந்தது. கரண்டியிலிருந்து ஒரு சொட்டு நீர் துணியில் விழுந்தது.

"சரி, வை அக்கா" என்றான்.

அவள் கரண்டியைப் பிடித்தபடியே இருந்தாள்.

"நாற்காலி வந்ததும் முதல்ல நான்தான் உக்காருவேன், சொல்லிட்டேன். கை வலிக்கலையா? வையேன்."

முதலாளி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தம்பி அவரைப் பார்த்தான், பிறகு அவள் கையைப் பார்த்தான். உதட்டோரம் கொஞ்சம் சிரிப்பு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"அக்கா, எப்படியிருந்தாலும் பரவாயில்லை. கரண்டியை வை."

"மாட்டேன்டா" என்றாள், காற்றுக்குச் சொல்வதுபோல.

அவன் தொப்பியை மேலே தள்ளிவிட்டு, காதை அவள் பக்கம் திருப்பி, "என்னது?" என்றான். அவள் மறுபடி சொல்லவில்லை. கரண்டியையும் வைக்கவில்லை.