கீழ் ஹோஸ் மட்டும் ஜில்லென்று

வண்டிக்குக் காய்ச்சல் வந்தா அதுக்கு எங்க வலிக்கும்ப்பா, என்று என் மகள் சின்ன வயதில் ஒருமுறை கேட்டாள், அதற்கு அன்றைக்கு ஏதோ சொல்லிச் சிரித்துவிட்டேன், இன்றைக்கு இந்த டாக்ஸியின் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நானே அதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறேன், எங்கடா வலிக்குது உனக்கு, வாயைத் திறந்து சொல்லேன்... இன்ஜினை முழுசாகப் பிரித்து, பிஸ்டன் புதுசு, ரிங் புதுசு, கேஸ்கெட் புதுசு, ரேடியேட்டரைக்கூடக் கழற்றிக் கழுவிப் பூட்டியாயிற்று, கல்யாண மாப்பிள்ளை மாதிரி அனுப்பி வைத்தேன், மாப்பிள்ளை முதல் மேம்பாலம் ஏறுவதற்குள் ஆவி விட்டுக்கொண்டு நடு ரோட்டில் நின்றுவிட்டார். டாக்ஸிக்காரர் கயிறு கட்டி இழுத்து வந்து இப்போது என் ஷெட் வாசலில் பழைய டயர்மேல் உட்கார்ந்திருக்கிறார், டயரை விடப் பெரிய முகத்தோடு. அவர் கோபப்படுவது நியாயம்தான், வண்டி நின்றால் அவர் வீட்டு அடுப்பும் நிற்கும். ஆனால் அதோடு விடாமல் அவர் ஒன்று கேட்டார்.

"உண்மையச் சொல்லுங்க, இதுல கண்ணாடி கை வச்சாரா?"

கண்ணாடி என்றால் பக்கத்து ஷெட் அண்ணன். கண் ஆபரேஷனுக்கு அப்புறம் பாட்டில் அடி மாதிரி ஒரு கண்ணாடி போட்டார், ஊருக்கு அதுவே பேராகிவிட்டது, பேரோடு ஒரு பேச்சும் ஒட்டிக்கொண்டது, அவருக்குக் கண் போச்சுப்பா, நட்டுக்கும் போல்ட்டுக்கும் வித்தியாசம் தெரியாதாம்... அவர் ஷெட்டில் இப்போது ஒரே ஒரு வேன்தான் நிற்கிறது, அதுவும் அவருடையது. டாக்ஸி ஸ்டாண்டில் இந்த டாக்ஸிக்காரர் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த ஷெட்டை மூடிவிட வேண்டியதுதான். கை வைத்தாரா? வைத்தார். இன்ஜினைத் தூக்கி உட்கார வைத்து ஹோஸ் பூட்டியதெல்லாம் அவர்தான். ஏனென்றால் நான் அன்றைக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டு பலகைமேல் மல்லாந்து கிடந்தேன், இன்ஜினைத் தூக்கும்போது பிடித்திருந்தால் கௌரவமாக இருந்திருக்கும், செருப்பு வாரை மாட்டக் குனிந்தபோது பிடித்தது. அண்ணன் வந்து பார்த்தார், சிரிக்கவில்லை, அது ஒன்றே பெரிய உதவி. "நீ படு தம்பி, நான் பாத்துக்கறேன்" என்றார். நான் படுத்துக்கொண்டே அதை இறுக்குங்க, இதைத் தளர்த்துங்க என்று உத்தரவு போட்டேன், "சரிங்க முதலாளி" என்று இருட்டும்வரை வேலை செய்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டார், அவ்வளவுதான்.

டாக்ஸிக்காரரைப் பார்த்து இருமினேன். இருமல் பொய் ஆகாது என்று நினைக்கிறேன், கடவுளுக்குத்தான் தெரியும். ஆண்டவனே, சூடு காட்டுகிற மீட்டர் முள்ளை இறக்கிவிடு என்று உன்னைக் கேட்க மாட்டேன், நீ மெக்கானிக் இல்லை, என் கண்ணை மட்டும் திற... காற்றாடி சுற்றுகிறது, பெல்ட் இறுக்கம், ஆயிலில் தண்ணீர் கலக்கவில்லை, ரேடியேட்டரில் குமிழி வரவில்லை, அப்படியானால் கேஸ்கெட் நல்ல பிள்ளை. தெர்மோஸ்டாட்மேல்தான் சந்தேகம் வந்தது, சூடானால் திறந்து தண்ணீரை விட வேண்டிய சின்ன வால்வு, அதைக் கழற்றி மாடியில் இருக்கும் வீட்டுக்கு எடுத்துப்போய் அடுப்பில் கொதிக்கவிட்டேன். மனைவி வந்து மூடியைத் திறந்து பார்த்தாள். "இது எத்தனை விசிலுக்கு வேகும்?" என்றாள். வால்வு அழகாக வாயைத் திறந்தது, அவளும் திறந்தாள், அவள் பாத்திரத்தைப் பற்றி அவள் சொன்னதெல்லாம் சத்தியம்.

அதையும் பூட்டி, இன்ஜினை ஓடவிட்டு மேல் ஹோஸைத் தொட்டேன், விரல் வெந்தது. கீழ் ஹோஸைத் தொட்டேன், ஜில்லென்று இருந்தது. அட, மேலே கொதிக்கிறது கீழே குளிர்காய்கிறது... இல்லை இல்லை, குளிர்காய்வது என்றால் சூடுதானே, பதற்றத்தில் புத்தியும் அடைத்துக்கொள்கிறது. அடைப்பு! தண்ணீர் சுற்றவே இல்லை. இன்ஜின் ஆறட்டும் என்றதும் டாக்ஸிக்காரர் போனை எடுத்துக்கொண்டு தெருமுனைக்குப் போனார், யாரிடமோ என்னைப் பற்றித்தான் பேசுகிறார், கையை ஆட்டுவதிலேயே தெரிகிறது. ஆறியதும் வண்டிக்கு அடியில் நுழைந்தேன், இடுப்பு என்னைத் திட்டியது, கீழ் ஹோஸைக் கழற்றினேன், ரேடியேட்டர் தண்ணீர் முழுக்க என் மூஞ்சியில். அந்த ஹோஸ் பூட்டும் தண்ணீர் பம்ப்பின் வாயில் விரலை விட்டேன். மெத்தென்று ஏதோ. இழுத்தேன்... வந்தது, வந்துகொண்டே இருந்தது, மஞ்சள் பூப்போட்ட தலையணை உறை, ஓரத்தில் பட்டன்கூட இருக்கிறது.

தூசி விழக் கூடாது என்று திறந்த வாயில் எல்லாம் துணி அடைப்பது எங்கள் தொழில் பழக்கம், பூட்டும்போது உருவிவிட வேண்டும், அவ்வளவுதான் சங்கதி. இந்த மஞ்சள் பூ யாருடையது என்று தெருவுக்கே தெரியும், இதில் பாதியைத்தான் அண்ணன் வெயிலுக்குத் தலையில் கட்டிக்கொண்டு திரிகிறார். டாக்ஸிக்காரரின் செருப்பு திரும்பி வருவது வண்டிக்கு அடியிலிருந்து தெரிகிறது, பக்கத்து ஷெட்டில் அண்ணன் தனக்குத்தானே பாடிக்கொண்டு எதையோ தட்டுகிறார், ஒன்றும் தெரியாத பாட்டு... செருப்பு நெருங்குகிறது. துணியைச் சட்டைக்குள் திணித்தேன். தொப்புளில் குளிர்ந்தது.

"என்னங்க, வயிறெல்லாம் தண்ணி?"

"ரேடியேட்டர் அழுதுடுச்சு."

"எனக்கும் அழுகைதான் வருது. என்ன கோளாறு?"

பொய் சொல்லக் கூடாது, அண்ணனையும் விடக் கூடாது, நடுவில் ஒரு சந்து இருக்குமா கடவுளே, இருந்தது. "தண்ணி போற வழியில அடைப்பு. பூட்டினதும் நான் ஒருதடவை பாத்திருக்கணும். பாக்காம விட்டுட்டேன். தப்பு என்னுதுதான்." ஒவ்வொரு சொல்லும் உண்மை, எண்ணிக்கொண்டே சொன்னேன்.

"அப்ப கண்ணாடி?"

"நீங்க வண்டிய யாருகிட்ட விட்டீங்க?"

"உங்ககிட்ட."

"அப்ப என்னையத் திட்டுங்க."

திட்டினார். குறை வைக்கவில்லை. தண்ணீர் ஊற்றி, காற்று போக்கி, இரண்டு பேரும் மேம்பாலம் ஏறி இறங்கி வந்தோம், முள் நடுவில் சாமி மாதிரி அசையாமல் நின்றது. இறங்கும்போது, "இனிமே படுத்துக்கிட்டு வேலை பாக்காதீங்க, சொல்லிட்டேன்" என்றார், அது யார் சொல்லி அவருக்குத் தெரியுமோ... ஸ்டாண்டில் கொஞ்ச நாளைக்கு என் பேர் நாறும். நாறட்டும், எனக்கு வேலை இருக்கிறது, அண்ணனுக்கு இல்லை.

அண்ணன் சாப்பிட வீட்டுக்குப் போனதும் அவர் ஷெட்டுக்குள் போனேன், திருடன் மாதிரி, ஆனால் கொடுக்க வந்த திருடன். துணியைப் பிழிந்து, அவருடைய கந்தல் டப்பாவில் அடியில் தள்ளி வைத்துவிட்டால் அவருக்கே தெரியாது, ஒருநாள் எடுத்துத் துடைப்பார், தீர்ந்தது. டப்பாவுக்குள் கையை விட்டேன். அடியில் விறைப்பாக ஏதோ விரலில் தட்டியது, இழுத்துப் பார்த்தால் ஊதா நிறம், வெள்ளைக் கோடு... இது எங்கள் வீட்டு ஜன்னல் திரை அல்லவா, என் மனைவி கிழித்து என் ஷெட்டுக்கென்று கொடுத்தது, இது இங்கே எப்படி? துரு கலந்த தண்ணீரில் ஊறிக் காய்ந்த பழுப்பு, ஒரு முனையில் வட்டமாகக் குழாய் வாயின் தடம். நான் உருவ மறந்தது எந்த வண்டியிலிருந்து? எப்போது? என்னிடம் வேலை முடித்துப் போன எவன் இவரிடம் வந்து நின்றான், இவர் அவனிடம் என்ன சொல்லி அனுப்பினார்... கேட்கலாம். கேட்டால், நீ ஏன் தம்பி என் டப்பாவைக் கிண்டினாய் என்பார். ஊதாவை இருந்த இடத்திலேயே வைத்தேன், மஞ்சளை அதன்மேல் வைத்தேன், மூடியைச் சத்தம் வராமல் அழுத்தினேன்.