வலி போனால் தேங்காய்

நான்கு வருடங்களாக நான் குனிந்ததில்லை. முதல்முறை இடுப்பு பிடித்துக்கொண்டபோது டாக்டர் ஒருவர், இரண்டு வாரம் குனியாதீர்கள் என்றார். சொன்ன பேச்சைக் கேட்கிற ஆள் நான். பிறை ஊரில் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிய என்னை மேசை வேலைக்கு மாற்றினார்கள். சப்பாத்துக் கயிற்றை மனைவி ஜெயலெட்சுமி கட்டிவிடுவாள். அரிசி மூட்டை, சமையல் கேஸ் தோம்பு எல்லாம் தூக்குவதும் அவள்தான்.

முருகனிடம் வேண்டிக்கொண்டேன். வலி முழுதாகப் போனால், தைப்பூசத்தில் தேர் வரும்போது நூற்றெட்டுத் தேங்காய் உடைக்கிறேன். முருகன் அவசரப்படவில்லை.

கடைசியில் டத்தோ கிராமாட் பகுதியில் ஒரு பிசியோதெரபிஸ்டிடம் போனேன். பெயர் ஷஹீதா, முப்பது வயதிருக்கும். போகிற இடமெல்லாம் கல்யாண ஆல்பம் மாதிரி சுமந்து திரியும் எம்ஆர்ஐ படத்தை நீட்டினேன்.

“இந்த மாதிரி டிஸ்க் பிதுங்கல், வலியே இல்லாத நெறைய பேருக்கும் இருக்குண்ணே. குனிஞ்சா என்ன ஆகும்னு நெனைக்கிறீங்க?” என்றார்.

எனக்குச் சுர்ரென்று வந்தது. “வலி என் மண்டையில இருக்குங்கிறீங்களா மிஸ்?”

“வலி நெசந்தான்லா. பயமும் நெசந்தான். ரெண்டும் சேந்து முதுக இறுக்குது. என்ன பயம்ணே?”

“படுத்த படுக்கையாயிருவேன். ஜெயலெட்சுமிக்குப் பாரமாயிருவேன்.” அவர் எழுதிக்கொண்டார்.

“வலி போனா மொதல்ல என்ன செய்வீங்க?”

வேண்டுதலைச் சொன்னேன்.

“அப்ப தேங்காயிலேயே ஆரம்பிப்போம்.”

“வலி போனாத்தான் மிஸ் தேங்காய். அப்படித்தான் பேச்சு.”

“சாமிகிட்ட பேசுனதுல நான் தலையிடலண்ணே. எடுத்துப் பழகுவோம், அவ்வளவுதான்.”

ஒரு தேங்காய் மேசையிலிருந்து நாற்காலிக்கும், நாற்காலியிலிருந்து முக்காலிக்கும், பிறகு தரைக்கும் இறங்க ஒன்பது வாரம் ஆயிற்று. ஒவ்வொரு வாரமும் குனிந்து எடுத்தேன். வலித்தது. ஆனால் எதுவும் ஒடியவில்லை. எனக்கே கொஞ்சம் ஏமாற்றம்.

தைப்பூசம் வந்துவிட்டது. வலி போகவில்லை. முன்கூட்டியே உடைத்தால் முருகன் கோபித்துக்கொள்வாரா என்று ஜெயலெட்சுமியிடம் கேட்டேன்.

“நாலு வருஷமா நான்தான் கோவிச்சுக்கிட்டு இருக்கேன். ஒடைங்க,” என்றாள்.

தேர் வரும் சாலையோரம் சாக்குகளை அவிழ்த்தோம். குனிந்தேன், எடுத்தேன், ஓங்கி உடைத்தேன். முப்பதாவது தேங்காயில் வலி இருந்தது. அறுபதில் இருந்தது. நூற்றெட்டிலும் இருந்தது. நானும் நின்றுகொண்டிருந்தேன். அழுகை வந்தது. சந்தோஷம்தான், வேறொன்றுமில்லை.

திரும்பிப் பார்த்தேன். ஜெயலெட்சுமி காரோரம் ஒரு காலில் செருப்போடு நின்றிருந்தாள். இன்னொரு செருப்பு நழுவிக் காருக்கடியில் போயிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எடுக்க வேண்டியதுதானே?”

“குனிஞ்சா உயிர் போகுது.”

“எப்பலேர்ந்து?”

“ரெண்டு வருஷமா.”

“ஏன் சொல்லல?”

“ஒரு வீட்டுக்கு ஒரு முதுகு வலி போதும்னு இருந்துட்டேன்.”

நான் குனிந்து செருப்பை எடுத்து, அவள் காலில் மாட்டிவிட்டேன். வலித்ததா என்று கவனிக்கவில்லை.