பக்கத்து மூச்சு

முதல் மூச்சை வெட்டும்போது அவர் ஒருமுறை வாசல் கதவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார். மூன்றாவதை வெட்டும்போது விசில் அடிக்கத் தொடங்கியிருந்தார்.

கம்ப்யூட்டர் திரையில் பாட்டு மலைத்தொடர் மாதிரி நீண்டு கிடந்தது. பழைய ரெக்கார்டின் கீறல்களெல்லாம் அதில் முள் முள்ளாக நிற்கும். அவற்றைப் பிடுங்கி எறிவதுதான் அவர் பிழைப்பு. அந்த வேலை முடிந்துவிட்டது. இப்போது அவர் கை வைத்திருந்தது கீறலில் இல்லை. பாட்டின் ஒவ்வொரு வரிக்கும் முன்னால், மலை எழும்புவதற்குச் சற்று முந்தி, பஞ்சுத் துணுக்கு மாதிரி இரண்டு மேடுகள் இருந்தன. ஒன்று பெரியது. அதன் விலாவோடு ஒட்டிக்கொண்டு குட்டியாக இன்னொன்று. பாடுகிற இருவரும் மூச்சு இழுக்கும் இடம். பெரியது கூடப் பாடிய அந்த ஆள். சின்னது இவருடைய மனைவி. பெரியதை வளைத்துப் பிடித்து அழித்தார். மனைவியின் மூச்சு மட்டும் பத்திரமாக, பக்கத்தில் ஒரு பயலும் இல்லாமல் நின்றது.

கல்யாணத்துக்கு முன்னால் அவள் பாடிய ஒரே பாட்டு அது. டூயட். கம்பெனி சின்னது என்பதால் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே மைக்கு. ரெக்கார்டு வெளிவந்ததும் தெரியாது, காணாமல் போனதும் தெரியாது. அவள் ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்துவிட்டாள். கூடப் பாடியவன் மட்டும் மளமளவென்று மேலே போனான். ஊர் அவன் குரலுக்கு என்னென்னவோ பட்டம் கொடுத்தது. இவர் வைத்த பெயர் வெல்வெட்டு.

கொடுமை என்னவென்றால் அப்போது இவர் நடத்தியது பாட்டுக் கடை. காலையில் ஷட்டரைத் தூக்கியதும் வெல்வெட்டின் கேசட்டைத்தான் முன்வரிசையில் அடுக்க வேண்டும், அதுதான் ஓடும். சக்களத்தி என்று சொல் கண்டுபிடித்தவர்கள் சக்களத்தன் என்று ஒன்றைக் கண்டுபிடிக்காமல் விட்டது இவரைப் போன்ற ஆட்களுக்குச் செய்த துரோகம். சக்களத்தன் படத்தைத் தூசி தட்டி, சிரித்த முகத்தோடு விற்று, அந்தக் காசில் அவளுக்குப் பூப்போட்ட குடை வாங்கிக்கொண்டு போனவர் அவர். அப்புறம் உலகமே பாட்டை டவுன்லோடு செய்துகொள்ள ஆரம்பித்தது. கடையில் ஈ ஆடியது. இழுத்துப் பூட்டிய அன்று அவருக்கு இருந்த ஒரே ஆறுதல், வெல்வெட்டின் பிழைப்பும் கூடவே படுத்துவிட்டது என்பதுதான்.

அது மறுபடி எழுந்து வரும் என்று யார் கண்டார்கள்? எவனோ அந்த டூயட்டை இணையத்தில் ஏற்றிவிட, பாட்டு வந்தபோது பிறந்தேயிராத பிள்ளைகள் அதை டவுன்லோடு செய்து தள்ளிவிட்டார்கள். அதோடு விட்டார்களா? சும்மா கிடைக்கிற பாட்டு போதாது, கையில் பிடித்துப் பார்க்க இசைத்தட்டு வேண்டுமாம். ஒரு கம்பெனி திரும்ப ரெக்கார்டாகவே போடுகிறது. மூல டேப் மக்கிப் போயிருந்தது. உருப்படியான ஒரே பிரதி அவர் வீட்டு அலமாரியில், போர்வைகளுக்கு அடியில். தூசி படக் கூடாதென்றுதான் அங்கே வைத்ததாக அவர் சொல்லிக்கொள்வார். கம்பெனிக்காரர் தேடிப்பிடித்து, சுத்தம் செய்யும் வேலையையும் அவரிடமே கொடுத்தார். கீறலை மட்டும் எடுங்கள், வேறெதையும் தொடாதீர்கள் என்று படித்துப் படித்துச் சொன்னார். இவரும் தலையாட்டினார்.

நல்ல ஹெட்போனில் கேட்டபோதுதான் வினை. அந்த மூச்சுகள். ஒவ்வொரு வரிக்கும் சொல்லிவைத்தாற்போல, ஒன்றின் குதிகாலில் மற்றொன்று. ஒரே மைக்கு என்றால் முகத்துக்கு முகம் எவ்வளவு தூரம் இருந்திருக்கும்? அவன் விட்ட காற்றைத்தானே இவள் இழுத்திருப்பாள்? தானும் அவளும் இத்தனை வருஷத்தில் ஒரே நேரத்தில் செய்த காரியம் என்ன என்று யோசித்துப் பார்த்தார். தும்மல்கூட நினைவுக்கு வரவில்லை.

ஆகவே வெட்டினார். அதே ஃபைலின் மேலேயே சேமித்து, காலையிலேயே அனுப்பியும் விட்டார்.

மத்தியானம் கம்பெனிக்காரர் கூப்பிட்டார். குரலில் தேன் ஒழுகியது. ரொம்ப சுத்தமாக இருக்கிறதாம். பெரியவரும் கேட்டுவிட்டாராம். எந்தப் பெரியவர் என்று இவர் தெரியாதவர் மாதிரி கேட்டார்.

"அவர்தான் சார். தன் குரல் இவ்ளோ நல்லா கேட்டதே இல்லைன்னாரு. ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு. அந்தப் பொண்ணோட மூச்சு எங்க போச்சுன்னு."

"மூச்சா? இருக்கே. சின்னதா."

"சின்னது அவரோடதாம் சார். தான் திருடன் மாதிரி சத்தமில்லாம இழுத்துக்குவாராம். அந்தப் பொண்ணுதான் கெணத்துல முங்கி எழுந்த மாதிரி இழுக்குமாம். அது இல்லாம பாட்டு என்னமோ மாதிரி இருக்குதுன்னு வருத்தப்பட்டாரு."

நாளைக்குத் தட்டுக்கு அச்சு வெட்டிவிடுவார்கள், வெட்டினால் வெட்டியதுதான். வேறு ஃபைல் இருந்தால் ராத்திரிக்குள் வேண்டும் என்று சொல்லிவிட்டு வைத்தார்.

இவர் ஃபோனை மேஜையில் கவிழ்த்து வைத்தார். வரி வரியாகத் தேடித் தேடிப் பெண்டாட்டியை அழித்துவிட்டு, வெல்வெட்டை ஒரு கீறல் இல்லாமல் காப்பாற்றியிருக்கிறார். இதையே வேறு யாராவது செய்திருந்தால் தெருவைக் கூட்டிச் சொல்லிச் சிரித்திருப்பார். அதுவரை இருந்தது பொறாமையே இல்லை, பொறாமைக்கு ஒத்திகை என்று இப்போது தெரிந்தது. எங்கோ இருக்கிற ஒருவன், ஒரே ஒரு நாள் பக்கத்தில் நின்றவன், மூச்சு இல்லை என்றதும் அதைத் தேடுகிறான். அதுவும் "அந்தப் பொண்ணு". அவன் காதில் அவளுக்கு வயசே ஆகவில்லை.

அவள் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றியபோது, பதமாகத்தான் ஆரம்பித்தார். நீ மூச்சு விட்டால் சத்தம் கேட்குமா என்று கேட்டார்.

"ஏன், உசுரோடதான் இருக்கேனான்னு சந்தேகமா?"

அவருக்குச் சிரிப்பு வரவில்லை என்பதைப் பார்த்து அவள் பையைக் கீழே வைத்தாள். பாட்டில் உன் மூச்சு கொஞ்சம் அழிந்துபோய்விட்டது என்றார். அதுவாக அழிந்ததா என்றாள். இல்லை என்றார். அவனுடையது என்று நினைத்துத்தான் செய்தேன், அவன் கேட்டுவிட்டுச் சொன்ன பிறகுதான் தெரிந்தது என்பதைத் திரையைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தார்.

அவள் முதலில் சிரித்தாள். மேஜையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். அப்புறம் சிரிப்பு நின்றுபோயிற்று.

"இத்தன வருஷமாப் பக்கத்துல படுக்கறீங்க. என்னோடது எதுன்னு தெரியலியா?"

அவளே ஒரு பதிலை எடுத்துக் கொடுத்தாள்.

"அது சரி, உங்க கொறட்டையில எங்க கேக்கும்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். கேட்கக் கூடாது என்று சாயங்காலம் முழுக்க அடக்கிவைத்திருந்ததை அப்போது கேட்டுவிட்டார்: அவனுக்கு மட்டும் எப்படித் தெரிகிறது?

அவள் துப்பட்டாவின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"எனக்கு அன்னைக்குப் பயத்துல நெஞ்சு அடைக்குது. நான் இழுக்கற வரைக்கும் காத்திருந்து, அப்புறமாத்தான் அவரு இழுத்துக்கிட்டாரு. ஒவ்வொரு வரிக்கும். அவ்ளோதாங்க."

அவ்வளவுதானா என்று அவர் கேட்கவில்லை. அவ்வளவும் என்று பட்டது.

வெட்டாத ஃபைல் மிச்சமில்லை, தட்டைத்தான் திரும்ப ஓடவிட்டுப் பதிய வேண்டும். அவர் ரெக்கார்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, மெல்லிய பிரஷ்ஷால் துடைத்து வைத்தார். பதிவாகும்போது ஸ்பீக்கரை அணைத்துவிட வேண்டும். அது அதிர்ந்தால் முள்ளும் அதிரும். கேட்பதற்கு இருப்பது ஒரே ஒரு ஹெட்போன். அதை அவர் எடுத்து, துணியால் துடைத்து, அவள் தலையில் மாட்டினார். அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு அவருக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள்.

முள் இறங்கியது. அவர் காதுக்குப் பாட்டு இல்லை. தட்டின் மேல் எறும்பு ஊர்வது போல ஒரு முணுமுணுப்பு மட்டும். அசையாமல் இருந்தார். அவளுடைய தோள்கள் மெல்ல மேலே ஏறின. அவை ஏறிய பிறகுதான் திரையில் அந்தப் பெரிய மேடு வந்தது. அடுத்த வரிக்கும் முதலில் தோள், பிறகு மேடு. அவர் திரையை விட்டுவிட்டுத் தோள்களையே பார்க்க ஆரம்பித்தார். அடுத்ததாக அவை ஏறியபோது, தன்னை அறியாமல், சத்தம் வராமல் தானும் இழுத்தார். கொஞ்சம் பிந்திவிட்டது. அதற்குள் திரையில், பெரியதன் விலாவோடு ஒட்டிக்கொண்டு, அந்தச் சின்னது வந்து நின்றிருந்தது.