காலியாக இல்லாத ஃபோல்டர்

1.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரு கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்யப் போனேன். லினக்ஸ் கம்ப்யூட்டர். விற்ற கடைக்காரர் அதில் ஒரே மூட்டையாகப் போட்டுக் கொடுத்திருந்த மென்பொருள்களை வேரோடு பிடுங்குவதுதான் வேலை. பிடுங்கினேன். அப்புறம் பயம் வந்தது. பயம் வந்தால் சிலர் தண்ணீர் குடிப்பார்கள், சிலர் அம்மாவைக் கூப்பிடுவார்கள். எனக்கு மனதுக்குள் கதை ஓட ஆரம்பித்துவிடும். உருப்படாத பழக்கம்.

முதல் வரியை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

(அ) ஒரு ஊரில் ஒரு கம்ப்யூட்டர் மெக்கானிக் இருந்தான். அவன் கவனமில்லாதவன். அவனால்தான் —

[வேண்டாம். பழியை இன்னொருவன் தலையில் கட்டப் பார்க்கிறேன் என்று எனக்கே தெரிகிறது.]

(ஆ) குரல் என்பது என்ன? தொண்டையில் பிறந்து காற்றில் —

[இதுவும் வேண்டாம். பயந்தால் எனக்குத் தத்துவம் வரும்.]

(இ) என் அண்ணனால் பேச முடியாது.

இது உண்மை. இதிலிருந்தே போகலாம்.

2.

இரண்டு வருடத்துக்கு முன் அண்ணனுக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்தது. குரல்வளையை எடுத்தே ஆகவேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்கு முந்தைய பதினோரு நாட்கள் அண்ணன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, மைக் முன்னால் உட்கார்ந்து, ஆயிரத்து அறுநூறு வாக்கியங்களைப் படித்துப் பதிவு செய்தார். அந்தப் பதிவுகளை வைத்து ஒரு குரலைச் செய்து கொடுத்தார்கள். கடைக்காரர் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றினார். இப்போது அண்ணன் தட்டச்சு செய்தால் கம்ப்யூட்டர் பேசும். அவர் குரலிலேயே பேசும். 'டேய்' என்று அது கூப்பிட்டால் இன்றைக்கும் நான் சட்டென்று எழுந்து நிற்கிறேன்.

[அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: நகல் எடுத்து வைக்கவேண்டும் என்று வீட்டில் எல்லோரும் சொன்னோம். எல்லோரும் சொன்னதால் யாரும் எடுக்கவில்லை. குரலைச் செய்தவர்கள் பதிவுகளையும் குரலையும் ஒரு வருடம்தான் வைத்திருப்போம் என்று அப்போதே எழுதிக் கொடுத்திருந்தார்கள்.]

சிக்கல் என்னவென்றால், கம்ப்யூட்டர் மந்தமாகிவிட்டது. அண்ணன் என்டரைத் தட்டி நான்கு விநாடி கழித்துத்தான் குரல் வரும். எதிரே உட்கார்ந்திருப்பவர் காத்திருப்பார். போனில் அது முடியுமா? ஞாயிறுதோறும் காலை பதினோரு மணிக்கு, வெளியூரில் வேலை பார்க்கும் அவருடைய மகள் கூப்பிடுவாள். "அப்பா, லைன்ல இருக்கீங்களா?" என்று அவள் கேட்கும்போது முந்தைய கேள்விக்குப் பதில் வரும். அப்பாவும் மகளும் ஒருவர் பேச்சில் ஒருவர் இடித்துக்கொள்வார்கள்.

மெசேஜ் அனுப்பட்டுமா என்று அண்ணன் ஒருமுறை கேட்டார்.

"வேணாம்ப்பா. உங்க குரலைக் கேக்கத்தானே போன் பண்றேன்?" என்றாள்.

3.

"கம்ப்யூட்டர் எல்லாம் எனக்குத் தண்ணி பட்ட பாடுன்னு சொல்வீங்களே தம்பி, வந்து பாருங்களேன்" என்றார் அண்ணி. இந்த ஞாயிறு காலை போய் உட்கார்ந்தேன்.

டிஸ்கில் இடமே இல்லை. மூட்டையைப் பிரித்துப் பார்த்தேன். தட்டச்சுப் பயிற்சி, வினாடி வினா, படம் வரைவது, கிரகங்களைச் சுற்றிக் காட்டுவது. அண்ணன் ஒருநாளும் திறக்காதவை. 'சுவடே இல்லாமல் நீக்குவது எப்படி' என்று இணையத்தில் ஒரு பக்கம் கிடைத்தது. அதில் சொன்னபடி நீக்கும் கட்டளையை அடித்து, மூட்டையின் பெயரைப் போட்டு, ஒட்டினாற்போல ஒரு நட்சத்திரக் குறி வைத்தேன். அந்தப் பெயரில் தொடங்கும் எதையும் விடாதே என்று அதற்கு அர்த்தம். நாற்பத்தோரு பெயர்கள் வரிசையாக வந்து நின்றன.

"என்ன தம்பி கேக்குது?"

"நிஜமாவே தூக்கிடவான்னு கேக்குது அண்ணி."

"படிச்சுப் பாத்தீங்களா?"

"எல்லாம் குப்பைதான்."

[இந்த இடத்தில் அண்ணி என்னைச் சந்தேகமாகப் பார்த்தார் என்று முதலில் எழுதியிருந்தேன். பொய். பழியில் பாதியை அவருக்குக் கொடுக்க ஆசைப்பட்டேன். அவர் என்னை நம்பி, அண்ணனுக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கப் போனார். அதனால் அந்த வரியை அடித்துவிட்டேன்.]

சம்மதம் என்று தட்டினேன். வரிகள் ஓடின. நடுவில் ஒரு எச்சரிக்கை வந்தது: இந்த ஃபோல்டர் காலியாக இல்லை, ஆகவே நீக்கவில்லை. எந்த ஃபோல்டர் என்று படிக்கவில்லை. மிச்சம் மீதி இருந்தால் அதற்கும் அந்தப் பக்கத்திலேயே கடைசியாக ஒரு கட்டளை இருந்தது, அதிலும் ஒரு நட்சத்திரக் குறி. அப்படியே எடுத்து ஒட்டி, என்டரைத் தட்டினேன். அந்தக் கட்டளை வேலையை முடித்துவிட்டால் ஒரு வார்த்தை சொல்லாது. சத்தம் போடாமல் அடுத்த வரியில் வந்து நிற்கும். வெற்றிப் பெருமையில் திரையிலிருந்த கட்டளை ஜன்னலை மூடிவிட்டேன். என்ன நடந்தது என்ற பதிவும் அதோடு போயிற்று.

4.

பத்தரை மணிக்குப் பார்த்தால், தொட்டுத் திறக்கும் பேசும் மென்பொருளின் குட்டிப் படத்தைத் திரையில் காணோம். அதுவும் அதே மூட்டையில் ஒன்று.

அடித்துப் பிடித்து இணையத்திலிருந்து மறுபடி இறக்கினேன். பத்து நிமிடத்தில் படம் திரும்பி வந்தது. தொட்டதும் திறந்தது. தப்பித்தேன் என்று மூச்சு விட்டேன். அப்புறம்தான் அந்த எச்சரிக்கை ஞாபகம் வந்தது.

[ஒரு நிமிடம் கட்டுரை எழுதிக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நீக்கும் கட்டளை, மென்பொருளோடு வந்ததை மட்டும்தான் எடுத்துப் போகும். ஃபோல்டரில் வேறு ஏதாவது இருந்தால் தொடாது. காலியாக இல்லை என்றால், இங்கே யாரோ ஒரு மனிதர் எதையோ கொண்டுவந்து வைத்திருக்கிறார் என்று பொருள். கம்ப்யூட்டர் அதை விட்டுவைத்தது. அழித்தது நான்.]

யார் வைத்தது? எதை வைத்தது? கடைக்காரர் குரலை எந்த இடத்தில் போட்டார் என்று எனக்குத் தெரியாது. போன் போட்டேன். எடுக்கவில்லை.

அண்ணனின் குரல் என் விரலால் போய்விட்டதோ என்று நினைத்தேன். இதைவிடச் சாமர்த்தியமாகச் சொல்ல எனக்கு வரவில்லை.

ஒரு வரி தட்டிச் சோதித்திருக்கலாமே என்று கேட்பீர்கள். ஸ்பீக்கர் சத்தம் வீடு முழுக்கக் கேட்கும். வேறு யாருடைய குரலாவது வந்தால் அடுப்படியில் இருக்கும் அண்ணிக்குக் கேட்கும். தேடிப் பார்த்திருக்கலாமே என்றும் கேட்பீர்கள். குரலைத் தேடச் சொல்லும் கட்டளையை அடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என்டரைத் தட்டும் தைரியம் வரவில்லை. மணி பத்து ஐம்பத்தைந்து.

5.

இந்தக் கதைக்கு மூன்று முடிவுகள் வைத்திருந்தேன்.

முடிவு ஒன்று. குரல் வேறொரு ஃபோல்டரில் பத்திரமாக இருக்கிறது. நான் அழித்தது கடைக்காரர் மறந்துபோன ஏதோ ரசீது. [இதை நாலு பக்கம் எழுதினேன். எழுத எழுத மனசு லேசானது. அதனாலேயே நம்பிக்கை இல்லை.]

முடிவு இரண்டு. மென்பொருளோடு வந்த குரல் பேசுகிறது. பஸ் நிலையத்தில் அறிவிப்பு சொல்வது மாதிரி யாரோ ஒருவர், "எப்படிம்மா இருக்கே?" என்று கேட்கிறார். "யாருங்க பேசறது?" என்கிறாள் மகள். அப்போது அண்ணன் முகம் —

[எழுதமாட்டேன்.]

முடிவு மூன்று. அண்ணன் வருவதற்குள் தைரியம் வந்து உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: "அண்ணா, ஒரு நிமிஷம், நான் ஒரு —"

இது மட்டும் நடந்தது. அந்தக் கோடு வரைக்கும்தான் நடந்தது. அண்ணன் முகம் கழுவி, தலை வாரி, மகளிடம் பேசுவதற்கென்றே வைத்திருக்கும் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். போனில் சட்டை தெரியாது என்று அண்ணி எத்தனையோ முறை கேலி செய்தாயிற்று. நாற்காலியைக் காட்டினார். எழுந்தேன். உட்கார்ந்து படத்தைத் தொட்டார். பட்டென்று திறந்தது. புருவத்தைத் தூக்கி என்னைப் பார்த்தார், சிரித்தார், எட்டி என் தலையில் ஒரு தட்டு தட்டினார்.

போன் அடித்தது. அண்ணி எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, மேஜை மேல் வைத்தார்.

6.

"அப்பா, நான்தான். எப்படி இருக்கீங்க?"

அண்ணன் தட்டத் தொடங்கினார். அவர் தோளுக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன்.

நல்லா இருக்கேம்மா. உன் சித்தப்பா கம்ப்யூட்டரை சரி பண்ணிட்டான். இனிமே நீ காத்திருக்க வேண்டாம்.

என்டரைத் தட்டினார்.

முன்பென்றால் நான்கு விநாடி ஆகும், பயப்பட ஒன்றுமில்லை. இப்போது டிஸ்க் காலி, மூட்டை இல்லை, எல்லாம் சுத்தம். ஒரு விநாடியில் வந்துவிட வேண்டும்.

ஒன்று எண்ணினேன்.

அண்ணன் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறார்.

இரண்டு.

"அப்பா?"

இதற்கு மேல் எண்ண என்னால் முடியாது. நீங்கள் எண்ணுங்கள்.