பதினோராம் அறையின் மணிக்கயிறு

ஆய்வுக்குப் போவதென்றால் மூன்று நாள் முன்பே கடிதம் போட்டுச் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும் என்பது அலுவலக விதி. அந்த விதியை எழுதிய புண்ணியவானை ஆய்வாளர் பத்து வருடமாக மனதுக்குள் திட்டிக்கொண்டிருக்கிறாள்.

முதியோர் இல்லம் முழுக்கப் புதுப் பெயின்ட் வாசனை. மேனேஜர் வாயெல்லாம் பல்லாக வரவேற்றார். அவள் கைப்பையில் இருந்தது ஒரு மொட்டைக் கடிதம். ஆள் கூப்பிட இழுக்கும் மணிக்கயிற்றை எட்டாத உயரத்தில் முடிச்சுப் போட்டுவிடுகிறார்கள், கூப்பிட வழியில்லாமல் ஈரத்திலேயே கிடக்கிறோம் என்று நடுங்கும் எழுத்தில் இருந்தது.

அறை அறையாக இழுத்துப் பார்த்தாள். மணி அடித்தது, பணிப்பெண் ஓடி வந்தாள். ஆனால் எந்தக் கயிறும் நேராகத் தொங்கவில்லை. முடிச்சு அவிழ்த்த இடத்தில் நெளிந்து கிடந்தது. படிவத்தில் ‘மணி வேலை செய்கிறதா?’ என்று ஒரு கட்டம் உண்டு. நெளிவுக்குக் கட்டம் இல்லை.

பதினோராம் அறையில் இருந்தவள் எல்லாரும் டீச்சர் என்று கூப்பிடும் கிழவி. இடுப்புக்குக் கீழே அசைவில்லை. தலைமாட்டில் கிடந்த நோட்டில் அதே நடுங்கும் எழுத்து. ஆய்வாளர் மேனேஜர் பக்கம் திரும்பினாள்.

“கொஞ்சம் வெளிய இருக்கீங்களா சார்?”

“தாராளமா மேடம்.”

மேனேஜர் போனார். கதவுத் திரைக்கு அடியில் அவருடைய ஷூ மட்டும் போகவில்லை.

“கயித்த யாராவது மேல கட்டுறாங்களா டீச்சர்?”

டீச்சர் அந்த ஷூவையே பார்த்தாள். “நீங்க எத்தன மணிக்குக் கெளம்புவீங்க?”

“நாலு மணிக்கு.”

“மறுபடி எப்ப வருவீங்க?”

“அடுத்த வருஷம்.”

“இங்க எல்லாரும் நல்லாப் பாத்துக்கறாங்கம்மா.”

தங்கியிருப்பவர் வாயால் சொல்லாத புகார் புகாரே இல்லை. அதுவும் விதிதான். கையெழுத்துப் போட்டுவிட்டு வாசல் வரை வந்த பிறகுதான் மூக்குக்கண்ணாடியை விட்டுவிட்டது நினைவு வந்தது. திரும்பிப் போனாள்.

பதினோராம் அறையில் பணிப்பெண் ஸ்டூல் மேல் நின்று கயிற்றில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். இவளைக் கண்டதும் முடிச்சிலிருந்து கையை எடுத்தாள்.

“நாப்பது பேருக்கு நாங்க ரெண்டே பேரு மேடம். சும்மா சும்மா அடிச்சா எங்கன்னு ஓடறது?”

கையும் களவுமாகப் பிடித்தாகிவிட்டது. இனி ஒரு வார்த்தை போதும். ஆய்வாளர் கட்டிலருகே குனிந்தாள். “சொல்லுங்க டீச்சர்.” அதற்குள் மேனேஜரும் பின்னால் வந்து நின்றுவிட்டார்.

டீச்சர் அவரைப் பார்த்தாள். பிறகு ஸ்டூலைப் பார்த்தாள்.

“நான்தாம்மா கட்டச் சொன்னேன். தூங்கறப்ப மூஞ்சில படுது.”

“கேட்டுட்டீங்கல்ல மேடம்? அதையும் எழுதிக்குங்க” என்று மேனேஜர் பேனாவைத் திறந்து நீட்டினார்.

எழுதாமல் இருக்க வழி தெரியவில்லை. ‘அவருடைய விருப்பப்படியே’ என்று எழுதினாள்.

“இத மறந்துட்டீங்க” என்று டீச்சர் மூக்குக்கண்ணாடியை நீட்டினாள். ஆய்வாளர் வாங்கிக்கொண்டாள். டீச்சரின் விரல்கள் அதை உடனே விடவில்லை.

பணிப்பெண் இரண்டாவது முடிச்சையும் போட்டுவிட்டு ஸ்டூலிலிருந்து இறங்கினாள்.